வெளிநாடு செல்லும் வாடிக்கையாளருக்குச் சரக்குக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை



கீழ் கோத்தகிரி வட்டாரத்தில் முன்பெல்லாம் வெளியூர்ப் பயணம் என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், மிஞ்சிப்போனால் சென்னை. இன்று அப்படியில்லை. ஹட்டிகளிலிருந்தும் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் ஷார்ஜாவுக்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். படிக்க ஆஸ்திரேலியா போகிறவர்களும், கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போகிறவர்களும் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தாயார் ஒரு துண்டுச் சீட்டோடு மளிகைக் கடைக்கு வருவார். மல்லி 2 கிலோ, மிளகாய் 1 கிலோ, சீரகம், கசகசா, கொப்பரை, சூடம், ஊறுகாய் என்று சீட்டு நீளும். நாமும் எடை போட்டுக் கட்டிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டு விடுகிறோம்.

மேலே சொன்ன சீட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் ஒரு பொருள் வளைகுடா நாட்டில் ஆளைச் சிறைக்கு அனுப்பக் கூடியது. இரண்டு பொருள்கள் விமானத்திலேயே ஏற்றக் கூடாதவை. மூன்று பொருள்கள் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் குப்பைக்குப் போகக் கூடியவை. எல்லாமே நம் கடையில் முறைப்படி விற்கும் நல்ல சரக்குதான். விற்பவருக்கும் குற்றமில்லை, வாங்குபவருக்கும் குற்றமில்லை. ஆனால் போய்ச் சேரும் ஊரில் சட்டம் வேறு. நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால், நமக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

கசகசா

முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மற்ற பொருள்களில் தவறினால் சரக்கும் பணமும் போகும். இதில் ஆளே மாட்டிக்கொள்வார்.

கசகசா என்பது அபின் செடியின் விதை. அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். காய் முற்றிக் காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் விதை கசகசா. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மத்திய அரசின் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இதைப் பயிரிட முடியும். துருக்கியிலிருந்தும் இறக்குமதி ஆகிறது. விதையில் போதை கிடையாது என்றாலும், காயின் பால் காய்ந்து விதையின் மேல் லேசாக ஒட்டியிருக்கும். பரிசோதனைக் கூடத்தில் அது தெரிந்துவிடும். நம் நாட்டில் குருமாவுக்கும் பாயசத்துக்கும் தாராளமாக அரைத்து ஊற்றுகிறோம். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார் போன்ற நாடுகளில் இதைப் போதைப் பொருளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். 50 கிராம் பொட்டலமானாலும் அப்படித்தான். சிங்கப்பூரிலும் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. "சமையலுக்குத்தான் கொண்டு வந்தேன்" என்ற பதில் அங்கே செல்லாது.

கடைக்காரர் செய்ய வேண்டியது எளிது. சீட்டில் கசகசா இருந்தால், "அம்மா, பையன் எந்த ஊருக்குப் போகிறான்?" என்று ஒரு வார்த்தை கேட்பது. வளைகுடா என்றோ சிங்கப்பூர் என்றோ சொன்னால், எடுத்துக் கொடுக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுவது. 50 கிராம் கசகசா விற்காததால் யாருக்கும் வியாபாரம் படுத்துவிடாது.

தனிப் பொட்டலத்தை நிறுத்திவிட்டால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். குருமா மசாலா, கறி மசாலாப் பாக்கெட்டுகள் சிலவற்றிலும் கசகசா சேர்ந்திருக்கும். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானங்கள் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் வறுத்து மில்லில் அரைத்த மசாலாவாக இருந்தால் எதைப் போட்டு அரைத்தது என்று வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். படகர் வீடுகளிலும் சரி, மற்ற வீடுகளிலும் சரி, கைப்பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும்.

நம் மலைக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். கோத்தகிரிப் பக்கத்துக் கடைகளில் அவர்களும் முக்கியமான வாடிக்கையாளர்கள். இலங்கையில் கசகசா என்றால் சர்பத்திலும் பலூடாவிலும் போடும் கறுப்பு விதை, அதாவது நாம் சப்ஜா என்று விற்பது. அது திருநீற்றுப்பச்சிலை வகையின் விதை. அபினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வீட்டுப் பாட்டி "கசகசா கொடு தம்பி" என்று கேட்பது சப்ஜாவாக இருக்கலாம். கடைப் பையன் வெள்ளைக் கசகசாவைக் கட்டிக் கொடுத்துவிட்டால் விபரீதம். இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. சப்ஜா பாக்கெட்டின் மேல் யாராவது பேனாவால் கசகசா என்று எழுதி வைத்து, அதை அந்த ஊர் அதிகாரி விசாரித்தால், உள்ளே இருப்பது வேறு விதை என்று மெய்ப்பிப்பதற்குள் விமானமும் போய்விடும், வேலையும் போய்விடும். எனவே எந்த விதையானாலும் சரியான பெயர் அச்சிட்ட கம்பெனிப் பாக்கெட்டாகவே கொடுப்பது நல்லது.

வளைகுடாவைப் பற்றிய பேச்சோடு இன்னும் இரண்டு. அமீரகத்தில் வெற்றிலையும் பான் வகைகளும் தடை. தாம்பூலம் போட்டுப் பழகிய பெரியவர் மகன் வீட்டுக்குப் போகும்போது பையில் ஒரு கவுளி வெற்றிலை வைத்துக்கொள்வார். அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குட்கா நம் மாநிலத்திலேயே 2013 முதல் தடை என்பதால் அதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அடுத்தது மருந்து. நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும், கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது, சிலவற்றுக்கு அந்நாட்டு அனுமதியும் முன்பே வாங்க வேண்டும். மளிகையோடு தலைவலி மாத்திரையையும் அட்டை அட்டையாகப் போட்டு அனுப்பும் வழக்கம் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும்

இந்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் பயம் போதையைப் பற்றியது மட்டுமல்ல, வண்டையும் பற்றியது. இதை நம்மைப் போன்ற தானிய வியாபாரிகளுக்குச் சொன்னால் உடனே புரியும்.

காப்ரா வண்டு என்று ஒன்று உண்டு. குடோன் வைத்திருப்பவர்களுக்கு அதன் புழு பழக்கமானது. உடம்பெல்லாம் மயிராகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். சாக்கின் தையல், சுவரின் வெடிப்பு, மரப் பலகையின் இடுக்கு என்று புகுந்துகொள்ளும். தீனி கிடைக்காவிட்டால் அப்படியே சுருண்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தானியம் வந்து இறங்கியதும் மறுபடி கிளம்பும். இந்த வண்டு பறக்காது. மனிதன் மூட்டை கட்டித் தூக்கிப் போனால்தான் ஊர்விட்டு ஊர் போகும். கோதுமையை உலகத்துக்கு விற்கும் நாடு ஆஸ்திரேலியா. இந்த வண்டு அங்கே குடியேறிவிட்டால் அவர்களுடைய தானியத்தை மற்ற நாடுகள் தொடமாட்டா.

அதனால் 2020 அக்டோபர் முதல், பயணிகள் தங்கள் பெட்டியில் கொண்டு வரும் பொருள்களில் ஒரு பெரிய பட்டியலையே ஆஸ்திரேலியா தடை செய்தது. அரிசி, கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு, வற்றல் மிளகாய், துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை எல்லாம் அதில் வருகின்றன. தமிழ்நாட்டுச் சமையலறையில் பாதி அதில் அடங்கிவிட்டது! நம் மலைப் பக்கத்தில் மகன் ஊருக்குப் போகிறான் என்றால் காய்ந்த அவரையைக் கட்டிக் கொடுக்காத வீடு இல்லை. அதுவும் முழு விதைதான், போகாது. கம்பெனியில் வறுத்தோ வேக வைத்தோ பக்குவப்படுத்தி, அடைத்து விற்கும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வறுத்துக் கவரில் கட்டியதற்கு அந்த விலக்குக் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அமெரிக்காவில் 2011 முதல், இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டு வரக் கூடாது. நம் நாடும் அதில் அடக்கம். பிரசவத்துக்கு உதவப் போகும் தாய்மார்கள் பேரப் பிள்ளைக்கென்று கஞ்சிக்கு நொய்யரிசி எடுத்துப் போவார்கள். எடுத்து வைத்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். அந்த ஊர்க் கடைகளில் இந்திய அரிசியே கிடைக்கிறது, அது கப்பலில் முறைப்படி சோதனையாகி வந்தது. மாமிசமும், மாமிசம் சேர்ந்த சூப்புத்தூள் போன்றவையும்கூட அங்கே தகராறு தரும்.

கறிவேப்பிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் அலட்சியமாக இருக்கிறார்கள். கொசுறாகக் கொடுக்கும் இணுக்கு அல்லவா! கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பத்துச் செடிகள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போக வைக்கும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கறிவேப்பிலையிலும் இருந்து வளரும். ஆரஞ்சுத் தோட்டங்களை வைத்துப் பிழைக்கும் நாடுகள் பச்சைக் கறிவேப்பிலையை உள்ளே விடாததற்கு அதுதான் காரணம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா இரண்டிலும் இதே நிலைதான்.

தேன் பற்றிக் கோத்தகிரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மலைத்தேனை எல்லோருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கிறோம். நியூசிலாந்துக்குப் போகிறவரிடம் கொடுக்க வேண்டாம், அங்கே தேனுக்கு அனுமதி இல்லை.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, இறங்குமுன் விமானத்தில் கொடுக்கும் அட்டை. உணவுப் பொருள் உண்டா என்று அதில் கேட்டிருக்கும். உண்டு என்று எழுதிவிட்டால், வேண்டாத பொருளை அதிகாரி எடுத்து எறிவார், அவ்வளவோடு போய்விடும். இல்லை என்று எழுதிப் பெட்டியில் அகப்பட்டால் அபராதம். நியூசிலாந்தில் உடனடி அபராதமே 400 டாலர். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் விசாவையே ரத்துச் செய்யும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். படிக்கப் போகும் பையனுக்கு நிலத்தை அடமானம் வைத்து அனுப்பும் குடும்பங்கள் நமக்குத் தெரியும். ஒரு கிலோ மல்லிக்காக அந்தப் பணம் போகலாமா? "என்ன இருந்தாலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்" என்று பெற்றோரிடம் கடையிலேயே சொல்லிவிடுவது நம் கடமை.

விமானத்தில் ஏற்றக் கூடாதவை

கொப்பரையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் காங்கேயத்துச் சரக்கை இறக்கி வைத்தவர்களுக்குத் தெரியும், ஈரம் போகாத கொப்பரையை மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினால் உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். பாதிக்கு மேல் எண்ணெய் உள்ள பொருள் அது. தானாகத் தீப்பற்றக் கூடிய சரக்கு என்ற வகையில் உலகக் கணக்கில் 1363 என்ற எண்ணே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளின் பெட்டியில் கொப்பரை கூடாது என்று அறிவித்தார்கள். கோயிலுக்குக் கொடுத்த முழுக் கொப்பரைத் தேங்காயைப் பிரசாதமாகப் பெட்டியில் வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சூடமும் தீப்பெட்டியும் அப்படியே. புதிதாகக் குடித்தனம் போகும் பெண்ணுக்குப் பூஜைச் சாமான் என்று செட்டாகக் கட்டும்போது இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, மஞ்சள், குங்குமம், விபூதி, திரி என்று கட்ட வேண்டும்.

நீலகிரித் தைலம் நம் ஊர் அடையாளம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அது தீப்பற்றும் எண்ணெய் என்பதை மறக்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு மருந்துபோல ஓரிரு சிறு குப்பிகள் கொண்டுபோவது ஒன்று, அரை லிட்டர் பாட்டில் நான்கைந்தை அடுக்குவது வேறு. விமானக் கம்பெனியைக் கேட்டுக்கொண்டு, கம்பெனி சீல் உடையாத சிறு குப்பியாகக் கொடுங்கள். கையில் வைத்துக்கொள்ளும் பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்பது 2006க்குப் பிறகு வந்த வழக்கம். ஊறுகாய், நெய், தேன் எல்லாமே இதில் திரவக் கணக்குத்தான். அவை பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு, பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது.

கட்டும் விதம்

நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் மேகமும் கடைக்குள்ளேயே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் பிடிக்கும். அந்த நாட்களில் திறந்த டின்னிலிருந்து எடுத்த அப்பளம், வடகம், மிளகாய்த்தூள் எல்லாம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதை இறுக்கிக் கட்டி வெயில் ஊருக்கு அனுப்பினால் பத்து நாளில் பூசணம். மழைக் காலத்தில் வெளிநாட்டுச் சரக்குக்கு உடைக்காத பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். வீட்டில் செய்த பொடியானால் வெயில் அடிக்கும் நாள் பார்த்தோ, வாணலியில் லேசாகச் சூடு காட்டி ஆறவிட்டோ கட்டச் சொல்லுங்கள்.

சிப்ஸ் பாக்கெட் கோவையிலிருந்து மேலே வந்தால் தலையணைபோல உப்புவதைப் பார்த்திருக்கிறோம். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் வருவது அது. பறக்கும் விமானத்துக்குள்ளும் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்து அழுத்தம்தான் இருக்கும், அதாவது நம் மலையில் இருப்பதைப்போல. கீழ்நாட்டில் மூடிய ஊறுகாய்ப் பாட்டில் விமானத்தில் எண்ணெய் கக்குவதற்கு இதுவே காரணம். இங்கே நம் வீட்டில் போட்டு இங்கேயே மூடிய பாட்டிலுக்கு அந்தத் தொல்லை குறைவு. மலைவாசிகளுக்கு இயற்கை கொடுத்த சிறு சலுகை என்று வைத்துக்கொள்ளலாம்! இருந்தாலும் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பாமல் ஒரு விரற்கடை விட்டு, எண்ணெய் மிதக்காத பதத்தில் போட்டு, மூடியை டேப் சுற்றி, பழைய துண்டில் சுருட்டித் துணிகளின் நடுவே வைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அத்தனை வளைவுகளில் பெட்டி உருளுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் சில்லறைக் கடைகளில் காகிதப் பொட்டலமே கொடுக்கிறோம். உள்ளூர்ச் சமையலுக்கு அது சரி. வெளிநாட்டுப் பெட்டிக்குச் சில்லறைப் பொட்டலம் எந்த விதத்திலும் உதவாது. என்ன பொருள், யார் அடைத்தது, எப்போது அடைத்தது என்று அங்கே உள்ள அதிகாரிக்குத் தெரிய வேண்டும். எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சேர்மானம், தேதி எல்லாம் ஆங்கிலத்திலும் அச்சிட்ட கம்பெனிப் பாக்கெட்டைப் பார்த்தால் அவர் அதிகம் கேட்கமாட்டார். பெயரில்லாத மஞ்சள் பொடியையும் பெருங்காயத் தூளையும் பார்த்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? நமக்கே ஒரு வெள்ளைப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் மோந்து பார்க்கத்தானே செய்வோம். வெளிநாட்டுச் சரக்குக்குப் பொருள்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒரு பில் போட்டுக் கொடுப்பதும் நல்லது. பெட்டியின் மேலாக அது இருந்தால் அதிகாரிக்கும் வேலை மிச்சம்.

மூட்டை தூக்கும் பிளாட்பாரத் தராசு நம்மில் பலரிடம் இருக்கிறது. கட்டி முடித்த பெட்டியைக் கொண்டு வந்தால் இலவசமாக எடை பார்த்துக் கொடுக்கலாம். டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறதோ அதற்கு ஒரு கிலோ குறைவாகவே நிறுத்தச் சொல்ல வேண்டும், தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும். மொத்த அனுமதி எவ்வளவு இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பெரும்பாலான விமான நிலையங்களின் விதி. பீளமேட்டில் வரிசையில் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து அரிசி மாவை எடுத்து வெளியே வைக்கும் காட்சியை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

அடுத்தவர் பொட்டலம்

கடை என்பது ஊருக்குத் தபால் நிலையம் மாதிரி. "எங்க தம்பி துபாயில் இருக்கான், நாளைக்குப் போற பையன்கிட்ட இதைக் கொடுத்துடுங்க அண்ணாச்சி" என்று ஒட்டிய பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். முகத்துக்காக நாமும் வாங்கி வைக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. உள்ளே வெறும் முறுக்காகவே இருக்கலாம். ஆனால் பெட்டி யாருடையதோ அவர்தான் அந்த ஊர்ச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுத்தவர் இங்கே இருப்பார், வாங்கி வைத்த நாமும் இங்கே இருப்போம், போன பையன் மட்டும் அங்கே நிற்பான். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுப்பவரும் போகிறவரும் நேரில் சந்தித்து, பிரித்துக் காட்டி, மறுபடி கட்டிக்கொள்ளட்டும். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

பிறகு எதைத்தான் அனுப்புவது என்று கேட்டால், நம் மலையில் அதற்கு விடை இருக்கிறது. தேயிலையை, கம்பெனி அடைத்த பாக்கெட்டாக இருந்தால், மேலே சொன்ன எந்த நாட்டிலும் பொதுவாகத் தடுப்பதில்லை. எடையும் குறைவு. மசாலா டீ என்று விதைகளும் பட்டைகளும் கலந்ததை விட்டு வெறும் தேயிலையாக எடுப்பது நல்லது. ஒன்றே ஒன்று, தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், சோப்பு, தைலம் இருக்கும் பெட்டியில் அதை வைத்தால் அங்கே போய்க் குடிக்கிறவர் நம் தோட்டத்தைத்தான் குறை சொல்வார். ஒட்டிய பாக்கெட்டையும் ஒரு டின்னில் போட்டு மூடி, தைலக் குப்பி இருக்கும் பெட்டியில் வைக்காமல் இன்னொன்றில் வைக்கச் சொல்லுங்கள்.